பொட்டளவு எஃகு

மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததுதான் தப்பு என்று பூங்கோதைக்குத் தோன்றியது. கண்கள் சொருகின. கண்ட்ரோல் ரூமின் குளிரில், சுவருக்கு அந்தப் பக்கம் பம்புகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கோடு நேராக இருக்கும்வரை எல்லாம் நேராக இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நாலு மணி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். நாலு மணி வாக்கில் பீம், அந்த அணுக்கற்றை, நிற்கும். நின்றதும் ஹாலின் கனத்த கதவு திறக்கும். அவள் உள்ளே போய், காலையிலிருந்து அடி வாங்கிய எஃகுத் துண்டை எடுத்துவிட்டு அடுத்த துண்டை மாட்ட வேண்டும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். அந்தப் பத்து நிமிஷம்தான் இப்போது தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக இறங்கவும் மாட்டேன் ஏறவும் மாட்டேன் என்கிறது. போவதா, வேண்டாமா? வயிற்றில் ஒன்று வந்திருப்பது முந்தாநாள் காலையில் தெரிந்தது. அவளுக்குத் தெரியும், செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்ட அந்தப் பிளாஸ்டிக் குச்சிக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. கணவன் மதிவாணனுக்குக்கூட. இந்த ஆராய்ச்சி நிலையத்தின் விதி ரொம்பத் தெளிவானது. பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் பீம் ஹாலுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, தெரிந்த அன்றே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சொன்னால் வெளியே. சொல்லாவிட்டால் உள்ளே. இதைவிடச் சுலபமான கணக்கு எதுவும் கிடையாது என்று தோன்றியது. ஒரு கொட்டாவி வந்தது.

திரையின் மூலையில் இன்னொரு சின்னப் படம். ஹாலுக்குள் இருக்கும் கேமரா காட்டுவது. பொட்டளவு எஃகு ஒன்று, சூட்டில் லேசாகச் சிவந்து, காற்றே இல்லாத அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தது. சூரியனுக்குள் எரிகிற மாதிரி ஒரு நெருப்பைப் பூமியில் ஒரு பாத்திரத்துக்குள் அடைத்துவைக்க வேண்டுமாம். புகை இல்லை, கரி இல்லை, மின்சாரம் மட்டும். நெருப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர், மேடை போட்டுப் பேசுவார்கள். பாத்திரத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. அந்த நெருப்பு வருஷக்கணக்கில் சுவரைப் போட்டு அடிக்கும்; அடி வாங்கி வாங்கி எஃகு உள்ளுக்குள்ளேயே ஊதும், நொறுங்கும். அப்படிப்பட்ட உலை இன்னும் எங்கும் கட்டி முடிக்கப்படவில்லை, ஆனால் அதன் சுவர் என்ன பாடுபடும் என்று இப்போதே தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த மிஷின். இரும்பு அணுக்களை விரட்டி விரட்டி இந்தப் பொட்டின்மேல் மோதவிட்டு, பத்து வருஷ அடியை ஒரே பகலில் கொடுத்துவிடும். பாவம் என்று முதல் தடவை பார்த்தபோது பூங்கோதை நினைத்தாள். மதி சிரித்தான். இரும்புக்குப் பாவம் பார்க்கிற விஞ்ஞானியை இப்பத்தான் பார்க்கிறேன் என்றான். அவன் இதே வளாகத்தில், சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், கணினிப் பிரிவில் இருக்கிறான். அவனுடைய எஃகு எல்லாம் எண்களால் ஆனது, அதற்கு வலிக்காது. இவளுடைய எஃகை இவளே உருக்கினாள். மூன்று தடவை உருக்கி, இரண்டு தடவை பாழாகி, மூன்றாவதில் தேறியது. காலையில் மாட்டியது சும்மா ஒத்திகை, வெறும் இரும்பு பீம். அடுத்து மாட்டப்போவதுதான் நிஜம். அதில் இரும்போடு ஹீலியமும் சேர்ந்து போகும், உலைக்குள் நடக்கிற மாதிரியே. அவளுடைய எஃகு ஊதுமா, ஊதாதா என்பதை அதுதான் சொல்லும். நாளைக்கு மிஷினைப் பிரித்துப் பழுதுபார்க்கப் போகிறார்கள். பிரித்தால் மறுபடி பூட்டுவதற்குள் மழைக்காலம் வந்துவிடும், அதன்பின் வரிசையில் வேறு ஆட்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்.

"மேடம், தூங்குறீங்களா?" என்றார் ஏகாம்பரம். மிஷினை ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், ஹால் கதவின் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பவர். "இல்லை, பார்த்துட்டுதான் இருக்கேன்," என்றாள். "எப்படிப் போகுது?" "ஏதோ ஓடுது," என்றார் அவர், திரையைப் பார்க்காமலே. அதுதான் இங்கே வழக்கம். பீம் ஓடும்போது நன்றாகப் போகிறது என்று ஒருவரும் சொல்லக்கூடாது. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் இதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆகா, பிரமாதம் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே எங்கோ படீரென்று பொறி தெறித்து எல்லாம் அணைந்துபோயிற்று. பிஎச்டி வாங்கியவர்கள் ஒரு டஜன் பேர் இருக்கிற கட்டடம் இது; அன்றிலிருந்து ஒருத்தர்கூடப் பிரமாதம் என்று சொன்னதில்லை. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் இன்னும் மிஷினின் தொட்டிமேல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் துடைக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். மூன்று மாசம் முடிகிறவரைக்கும் வாயைத் திறக்காதே என்று அத்தை சொன்னார்கள், மதியின் அம்மா. போன தடவை கேட்கவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஊருக்கெல்லாம் போன் போட்டாள். கும்பகோணத்துக்கு, திருவாரூருக்கு, ஹாஸ்டலில் கூட இருந்தவளுக்கு. பிறகு கலைந்து ஒன்றுமில்லை என்று ஆனபோது, சொன்ன ஒவ்வொருவரிடமிருந்தும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கொடுத்த சீரைத் திருப்பி எடுத்துவருகிற மாதிரி ஒவ்வொரு வாசலாக. சிலரிடம் மதி சொன்னான். சிலரிடம் யாருமே சொல்லவில்லை. அவர்கள் பல மாசம் கழித்துக் குழந்தை எப்படி இருக்கு என்று கேட்டார்கள். அதனால் இந்தத் தடவை வாயில் பூட்டு. மதியிடம்கூடச் சொல்லக்கூடாது, சொன்னால் அவன் முகம் மலரும், அந்த முகம் மறுபடி வாடுவதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. நேற்று ராத்திரி அவன் மாம்பழம் நறுக்கிக்கொண்டே என்ன, ஒருமாதிரி இருக்கே என்றான். பீம் டென்ஷன் என்றாள். பொய்யும் இல்லை.

பச்சைக் கோடு கொஞ்சம் நடுங்கியது. ஏகாம்பரம் ஒரு திருகைத் தொட்டார், தொட்டாரோ இல்லையோ கோடு அடங்கிவிட்டது. வெளியே கடல் இருக்கிறது, இங்கே கேட்காது. முன்பு டாக்டரம்மாவின் அறையிலும் இப்படி ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அங்கேயும் ஒரு திரை, அதிலும் ஒரு கோடு. காரணம்னு ஒன்னும் இல்லைம்மா, சில சமயம் இப்படி ஆயிடும் என்றார்கள். அந்த வாக்கியத்தை இன்றுவரை பூங்கோதையால் விழுங்க முடியவில்லை. காரணம் இல்லாமல் எதுவும் உடையாது. அவள் தொழிலே அதுதான். ஒரு கம்பி உடைந்து வந்தால் உடைந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, விரிசல் எங்கே பிறந்தது, எந்தப் பக்கம் நடந்தது, எங்கே அவசரப்பட்டது எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். ஒரு துளி மாங்கனீசு, உருக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு தூசி, ஏதாவது ஒன்று இருந்தே தீரும். தேடினால் கிடைக்கும். தேடினாள். தேடித் தேடி அந்த மத்தியானத்துக்கே வந்து நின்றாள், இப்போதும் அங்கேயே வந்து நிற்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேதான் கொண்டுவந்து விடுகிறது இந்தப் பாழும் மனசு. போன வருஷம் ஒரு மத்தியானம். அப்போது வயிற்றில் இருந்தது அவளுக்குத் தெரியாது, தெரிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பீம் நின்றதும் உள்ளே ஓடினாள். வெள்ளைக் கோட்டின் கை எதிலோ மாட்டிக்கொண்டே இருந்தது, வெளியே வந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி உள்ளே போய் வெகுநேரம் வேலை பார்த்தாள். கோட்டின் நெஞ்சில்தான் பேட்ஜ். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பதிவு செய்கிற அந்தச் சின்ன அட்டை சமத்தாக வெளியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாச முடிவில் அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சுத்தம், ஒன்றுமே இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். யாருக்கு ஒன்றும் இல்லை? ஆணிக்கு.

அவளுக்குத் தெரியும், தெரியாமல் என்ன. பீம் நின்றபின் அந்த ஹாலில் இருப்பது கடற்கரை மணலில் இருப்பதைவிட அதிகம் ஒன்றும் இல்லை. கதவருகே இருக்கிற மீட்டர் எப்போதும் அதைத்தான் சொல்கிறது. எத்தனை தடவை கணக்குப் போட்டாயிற்று, பஸ்ஸில், குளிக்கும்போது, அத்தை போனில் பேசிக்கொண்டிருக்கும்போது. கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாகவே வருகிறது. விமானத்தில் டெல்லி போய்வந்தால்கூட இதைவிடக் கூடுதல். அப்படியானால் ஏன் மதியிடம் ஆணியில் தொங்கிய அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை? கேட்டால் அவனும் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டுவான், இதே விடைதான் வரும், பிறகு அவள் தலையைத் தடவுவான். வேண்டாம். கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரி விழிப்பு வரும்போது கணக்கா கூட வருகிறது? ஆணியும் கோட்டும்தான் வருகின்றன. நாற்காலியில் சாய்ந்தபடி அரைத்தூக்கத்தில் எஃகு பெரிதாகிக்கொண்டே போனது, தட்டளவு, குளத்தளவு. அதற்குள் ஹீலியம் ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொண்டது, யாரையும் தொந்தரவு செய்யாமல். பக்கத்தில் இன்னொன்று வந்தது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றது. எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் குமிழ். அது வளர்கிற சத்தம்கூடக் கேட்டது, அரிசி ஊறுகிற சத்தம். வயிற்றில் கை வைத்துக்கொண்டிருப்பதை உணர்ந்து திடுக்கிட்டு எடுத்தாள். ஏகாம்பரம் பார்க்கவில்லை. குமிழையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போடாதே, அசிங்கமாக இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அது எஃகைக் கெடுக்க வருவது. இது கெடுக்க வரவில்லை. இது பாட்டுக்கு வந்திருக்கிறது.

டீ வந்தது. காகிதக் கோப்பையில் ஆடை படிந்து. "இன்னா மேடம், சர்க்கரை கம்மியா?" என்று கேட்டார் ஏகாம்பரம். "இல்லை, போதும்." வாசனை குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். "ரெண்டாவது துண்டு மாட்டிட்டு நீங்க கெளம்புங்க," என்றார் ஏகாம்பரம். "மொகமே சரியில்ல. ஓட்டிக்கினு இருக்கிறது நான் பாத்துக்கிறேன். மாட்டுறதுதான் உங்க வேலை, என் கைக்கு அதெல்லாம் வராது." வராதுதான். ஏகாம்பரத்தின் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு முருங்கைக்காய். அந்தத் துண்டை ட்வீசரில் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நகக்கண் அளவு பள்ளத்தில் சாயாமல் உட்காரவைக்க வேண்டும். கீழே விழுந்தால் பளபளவென்று இழைத்த முகம் போயிற்று, கீறல் விழுந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாசக்கணக்கில் இழைத்தது. ஹீலியத்துக்கென்று தேறியது அந்த ஒன்றுதான். பத்து நிமிஷம், பூங்கோதை, பத்தே நிமிஷம். இந்தத் தடவை பேட்ஜோடு போ, கோட்டோடு போ. மாட்டிவிட்டு வா. நாளைக்குக் காலையில் போய்ச் சொல்லு, இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லு, யார் கேட்கப்போகிறார்கள்? யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் சிக்கலே. யாரும் கேட்கமாட்டார்கள், அவளைத் தவிர. வயிற்றில் இருக்கிற இது நின்றுவிட்டால் சரி. நிற்காமல் போய்விட்டால்? அப்போதும் டாக்டரம்மா காரணம் ஒன்றும் இல்லை என்பார்கள். அப்போதும் உண்மையில் காரணம் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அவள் கையில் மறுபடி ஒரு மத்தியானம் இருக்கும், ஆயுசுக்கும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க. ஒன்றையே தூக்க முடியவில்லை. இன்னொன்றை எங்கே வைப்பது?

முனகல் ஒரு படி இறங்கியது. பச்சைக் கோடு சரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு அணைந்தது. ஏகாம்பரம் கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறித்துவிட்டு, மீட்டரைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். "வாங்க மேடம்." பூங்கோதை எழுந்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள், பேட்ஜ் நெஞ்சில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது. இரண்டு எட்டு வைத்தாள். கதவு திறந்து, உள்ளேயிருந்து எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த அந்த வாசனை வந்தது, அவளுக்கு ரொம்பப் பிடித்த வாசனை, அதற்குக் குமட்டவில்லை என்பது வேடிக்கையாக இருந்தது. நல்ல சகுனம்போல் இருந்தது. போய்விடலாம். கால் போகிறேன் என்றது. கால் போகவில்லை. "நான் வரலை ஏகாம்பரம்," என்று யாரோ சொன்னார்கள். அவள்தான் சொன்னாள். அவர் சாவியோடு திரும்பினார். "இன்னா ஆச்சு? தலை சுத்துதா?" "இல்லை. நான் உள்ள வரக்கூடாது." சொல்லிவிட்டு நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த அலுப்பெல்லாம் போய் வேறு ஏதோ வந்தது. "மொதல்ல உக்காருங்க," என்றார். "தண்ணி குடிங்க. எத்தினி மாசம் மேடம்?" "மாசமா? நாள்தான் ஆகுது. முந்தாநாள்தான் தெரிஞ்சுது." அவ்வளவுதான், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. உலகத்தில் முதன்முதலாக இதைச் சொன்னது முருங்கைக்காய் விரல்காரரிடம். "மதி சாருக்குத் தெரியுமா?" தலையை ஆட்டினாள், தெரியாது என்று. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார், தான் கேட்டிருக்கக்கூடாததைக் கேட்டுவிட்டவரைப்போல.

"நான் மாட்டுறேன்," என்றார். "நீங்க இங்கயே உக்காந்து மைக்ல சொல்லுங்க." பெட்டியிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்த துண்டை, பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரையில் அவருடைய பெரிய முதுகு தெரிந்தது, பிறகு கை, பிறகு கையுறை, அந்தக் கைக்குள் ட்வீசர் பல்குச்சியாகிவிட்டிருந்தது. காலையில் மாட்டிய துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். "கொஞ்சம் இடது பக்கம். போதும். மெதுவா. மூச்சு விடாதீங்க." "மூச்சு விடல மேடம்," என்று மைக்கில் மூச்சு வாங்கினார். பொட்டு ஒரு தடவை மின்னியது. பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது. அவளுடைய விரல்களும் மேசைமேல் ட்வீசர் பிடித்துக்கொண்டிருந்தன, தன் கை அங்கே இல்லையே என்று உடம்பெல்லாம் பதறியது, எழுந்து ஓடிப்போய் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. நாலு எட்டுத்தான், கதவு திறந்துதான் இருக்கிறது. போகவில்லை. "இப்ப விடுங்க," என்றாள். விட்டார். பொட்டு உட்கார்ந்தது, ஒரு கணம் உட்கார்ந்தே இருந்தது. அவர் கையை எடுக்கும்போது கையுறையின் நுனி அதை இழுத்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஏகாம்பரம் குனிந்து, தரையில் தேடி, எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கேமராவை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, பெரிய மனுஷர் அழுதுவிடுவார்போல் இருந்தது. "கீறல் உழுந்துடுச்சு மேடம்," என்றார். "மன்னிச்சிடுங்க." ஒரு வருஷம் போயிற்று. உருக்கியது, பாழானது, தேறியது, இழைத்தது. அது போகட்டும், இது நிற்கட்டும் என்று உடனே மனசு யாரிடமோ பேரம் பேச ஆரம்பித்தது. அதை எடுத்துக்கொள், இதை விட்டுவிடு. எதிரே கேட்டுக்கொள்ள யாரும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை பேசிப் பார்த்தாள். "பரவாயில்லை ஏகாம்பரம்," என்றாள் மைக்கில். "வெளிய வாங்க. டீ சாப்பிடலாம்." குரல் சாதாரணமாக இருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, ரொம்ப வருத்தம். ஆனால் அந்த வருத்தம் எங்கே பிறந்தது, எந்தப் பக்கம் நடந்தது எல்லாம் தெரிந்த வருத்தம்.

வராந்தாவுக்கு வந்து மதிக்குப் போன் போட்டாள். வெயில் சவுக்குகளின்மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "மதி, துண்டு விழுந்துடுச்சு." "ஐயையோ! எது, ஹீலியத்துக்கு வச்சிருந்ததா?" "ஆமா." "எப்படி விழும்? உன் கையிலேர்ந்து ஒருநாளும் விழுந்ததில்லையே." "என் கையிலேர்ந்து விழல. ஏகாம்பரம் மாட்டினார்." "அவரா? அவரை ஏன் மாட்டச் சொன்னே? நீ ஏன் உள்ள போகலை?" சொல்லத்தான் வாயைத் திறந்தாள், கை நெஞ்சிலிருந்த பேட்ஜுக்குப் போயிற்று. அவன் அறையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள். அவனும் இந்த நிலையத்துக்காரன்தான், ஒரு பெண் எதற்காகத் தன் பீமை விட்டுவிட்டு ஹாலுக்கு வெளியே நிற்பாள் என்று அவனுக்கும் தெரியும். கேட்டுக்கொண்டே நின்றாள். நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் வந்தது. "பூங்கோதை," என்றான், எப்போதும் கூப்பிடுகிற பெயரால் இல்லாமல் முழுப்பெயரால், ஏதோ புது ஆளிடம் பேசுவதுபோல. "நின்னுட்டிருக்கியா, உக்காந்திருக்கியா?" "நின்னுட்டிருக்கேன்." "உக்காரு. படியில எங்கயாவது உக்காரு. நான் ஓடி வரேன்," என்றான், போனை வைக்க மறந்து ஓடத் தொடங்கினான். அவன் மூச்சு இரைப்பதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே அவள் படியில் உட்கார்ந்தாள்.